புத்தகத்தை உள்ளே வெச்சிட்டு சீட்டை வெளியே போட்ட லைப்ரரி

இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு லைப்ரரியைப் பத்திதான் பேசப் போறோம். அமெரிக்காவுல, நார்த் கரோலினா மாநிலத்தோட தலைநகரம் ராலே. அங்கே இருக்கிற நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி, 2013-ல ஹன்ட் லைப்ரரியைத் திறந்தது. கட்டடத்தை வடிவமைச்சது நார்வேயைச் சேர்ந்த ஸ்னோஹெட்டா நிறுவனம்.

உள்ளே போனா, புத்தக அலமாரிகள் ரொம்பக் கம்மியா இருக்கும். அப்போ புத்தகம் எல்லாம் எங்கே? கண்ணாடிக்குப் பின்னாடி, உயரமா அடுக்கின பெட்டிகளுக்குள்ள. சுமார் 18,000 பெட்டிகள். மொத்தம் 20 லட்சம் புத்தகம் வரைக்கும் வைக்கலாம். கம்ப்யூட்டர்ல ஒரு புத்தகத்தை க்ளிக் பண்ணா, 'புக்பாட்'ங்கிற ரோபோ அந்தப் பெட்டியைத் தேடி எடுத்துட்டு வரும். அஞ்சு நிமிஷத்துல புத்தகம் ரெடி. சாதாரண அலமாரிக்குத் தேவைப்படுற இடத்துல ஒன்பதுல ஒரு பங்கு இடம் இதுக்குப் போதும்.

ரோபோவைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளப்பாங்க. ஆனா விஷயம் அது இல்ல. மிச்சமான இடத்துல என்ன பண்ணாங்கங்கிறதுதான் விஷயம். இந்த லைப்ரரி வர்றதுக்கு முன்னாடி, அந்த யுனிவர்சிட்டியில நூறு மாணவர்களுக்கு அஞ்சு சீட் கூட லைப்ரரியில இல்லை. அதனால மிச்சமான இடத்தை மாணவர்களுக்கே கொடுத்தாங்க. குழுவா உட்கார்ந்து படிக்க நூறுக்குப் பக்கமா அறைகள், 3டி பிரின்டர், சுவர் அளவுக்குப் பெரிய திரைகள், வீடியோ கேம் ஆராய்ச்சிக்குன்னே ஒரு லேப். லேப்டாப், கேமரா எல்லாம் புத்தகம் மாதிரியே இரவல் வாங்கிக்கலாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, பளபளன்னு இல்லாத ஒரு விஷயம். அந்த யுனிவர்சிட்டி லைப்ரரிகள், பாடத்துக்குக் கட்டாயம்னு சொல்ற ஒவ்வொரு டெக்ஸ்ட்புக்லயும் குறைஞ்சது ஒரு பிரதி வாங்கி வெச்சிடுறாங்க. சில மணி நேரத்துக்கு எடுத்துப் படிச்சிட்டுத் திருப்பித் தரலாம். அமெரிக்காவுல டெக்ஸ்ட்புக் விலை எவ்வளவுன்னு அங்கே படிக்கிற உங்க ஃப்ரெண்ட்ஸைக் கேட்டுப் பாருங்க. புத்தகம் வாங்கக் காசு இல்லாத ஒரு மாணவருக்கு ரோபோவை விட இந்த ஒரு பிரதிதான் பெரிய விஷயம்.

சரி, இதுல இழப்பே இல்லையா? இருக்கு. இங்கேதான் நம்ம சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் வர்றார். கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட நூலகர் ஆனார். 1931-ல அவர் எழுதின ஐந்து விதிகளை இன்னைக்கும் உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் படிக்கிறாங்க. பூட்டின அலமாரி வேணாம், வாசகரே நேரா போய் புத்தகத்தை எடுக்கணும்னு சொன்னவர் அவர். ஒண்ணைத் தேடிப் போய் பக்கத்துல இருக்கிற இன்னொண்ணைக் கண்டுபிடிக்கிற சுகம் அப்போதான் கிடைக்கும். ஹன்ட் லைப்ரரி அந்த அலமாரியைத் திரும்ப மூடிடுச்சு. அதுக்கு மாற்றா, பக்கத்துப் புத்தகங்களைத் திரையில வரிசையாக் காட்டுறாங்க. ஆனா திரையில கையை விட்டு நாலு பக்கம் புரட்ட முடியாதே!

அப்போ ரங்கநாதன் இதைத் திட்டியிருப்பாரா? அவசரப்பட்டு சொல்லிட முடியாது. புத்தகம் இருக்கிறது பயன்படத்தான், வாசகரோட நேரத்தை வீணாக்கக் கூடாது, நூலகம் வளர்ந்துட்டே இருக்கணும்னு சொன்னவரும் அவரேதான். என்னைக் கேட்டா, இந்தப் பேரம் நியாயமா இருக்கிறதுக்குக் காரணம் அந்த அஞ்சு நிமிஷம்தான். கேட்ட புத்தகம் ரெண்டு நாள் கழிச்சு வந்தா, அது லைப்ரரி இல்ல, குடோன்.

அதனால உங்க காலேஜ் லைப்ரரி மாடர்னா இல்லையான்னு பார்க்க ஏசியையும் கண்ணாடிச் சுவரையும் எண்ணாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. கேட்ட புத்தகம் எவ்வளவு நேரத்துல கைக்கு வருது? பரீட்சை வாரத்துல உட்கார சீட் கிடைக்குதா? காசு இல்லாதவருக்கும் அதே பாடப்புத்தகம் கிடைக்குதா?

பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.