வழிகாட்டியும் வழி நடப்போரும்

(அனந்தபுரத்தில் நடைபெற்ற சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று பொறுப்பாளர்கள் என்னைக் கேட்டுக் கொண்டனர். கல்வியின் சிறப்பை நம் மக்களுக்கு இனி எடுத்துரைக்க வேண்டியதில்லை. கூலி வேலைக்குச் செல்லும் தாயும் தன் மகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்ற காலம் இது. ஆகவே, கற்கின்ற பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஒருவர் ஏன் வேண்டும், அவரால் முழுப்பயனும் பெறுவது எங்ஙனம் என்பதைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்த குடும்பத்தில் வழிகாட்டி வீட்டிலேயே இருக்கின்றார். எந்தப் பாடம் எடுப்பது, எந்தத் தேர்வுக்கு எப்பொழுது விண்ணப்பிப்பது என்பதெல்லாம் உணவு உண்ணும்போதே அப்பிள்ளையின் காதில் விழுகின்றன. தந்தை கூறுவார், அவர் அறியாததைச் சித்தப்பா கூறுவார். முதன்முதலாகப் பட்டம் பெறப் போகும் நம் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் உரிய நாளில் கையில் இல்லாமையால் ஓராண்டை இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன். அவர்களிடம் அறிவுக் குறைவு இல்லை. முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆகவே வழிகாட்டி என்பவர் வசதி படைத்தோர்க்கு மட்டும் உரிய ஆடம்பரம் அல்லர். வீட்டில் கிடைக்காததை வெளியில் தேடிப் பெறுவது நமக்குக் கட்டாயத் தேவையாகும்.

இதற்குத் தலைசிறந்த சான்று டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்வே. அவர் தம் உழைப்பால் உயர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வுழைப்புக்குத் துணை நின்ற ஆசிரியர்கள் பலர் உண்டு. பம்பாயில் பள்ளி மாணவராக இருந்தபோது, பூங்கா ஒன்றில் அமர்ந்து அவர் படித்துக் கொண்டிருப்பார். அவரைக் கண்டு அன்பு கொண்டவர், ஆசிரியரும் மராத்தி எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தவரும் அவரே. பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் எடுத்துரைத்து, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தவரும் அவரே. இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழிகாட்டி வந்த பிறகு அம்பேத்கர் படிக்கத் தொடங்கவில்லை. படித்துக் கொண்டிருந்தவரைத் தேடி வழிகாட்டி வந்தார்.

1913இல் அவர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பொருளியல் பேராசிரியர் எட்வின் செலிக்மன் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1917இல் அம்பேத்கர் லண்டனிலிருந்து தாயகம் திரும்பியபோது, அவருடைய உடைமைகளை ஏற்றி வந்த கப்பல் போரில் தாக்குண்டு மூழ்கியது. ஆய்வுரையின் கையெழுத்துப் படியும் அதனோடு போயிற்று. நம்மில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால், ஆசிரியர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒதுங்கி விடுவோம். அவர் ஒதுங்கவில்லை. 1922இல் செலிக்மனுக்குக் கடிதம் எழுதி, இழந்ததற்கு மாற்றாகப் புதிதாக ஓர் ஆய்வுரை எழுதி முடித்திருப்பதைத் தெரிவித்தார். அது 1925இல் நூலாக வெளிவந்தபோது செலிக்மனே முன்னுரை வழங்கினார். தடை நேர்ந்தபோது வழிகாட்டியை விட்டு விலகுதல் ஆகாது. செய்த வேலையைக் கையில் ஏந்தி மீண்டும் அவர் முன் செல்லுதல் வேண்டும்.

லண்டன் பொருளியல் பள்ளியில் அவருடைய ஆசிரியர் எட்வின் கானன். ரூபாயின் சிக்கல் பற்றி அம்பேத்கர் எழுதிய நூலுக்கு 1923இல் கானன் முன்னுரை எழுதினார். அதில் தம் மாணவரின் வாதங்களில் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டார். ஆயினும் அவருடைய சிந்தனையின் புதுமையைப் பாராட்டினார். ஆசிரியருக்குப் பணிவு காட்டுவது வேறு, அவர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பது வேறு என்பதை இதனினும் தெளிவாக யாரும் விளக்க முடியாது. தக்க காரணத்தோடு மாறுபடும் மாணவனை நல்லாசிரியர் வெறுப்பதில்லை.

நம் பகுதிக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து, திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் பயின்றவர் சுவாமி சகஜானந்தர். வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளை அவர் குருவாக ஏற்றார். குருவின் நிழலிலேயே வாழ்நாளைக் கழித்து விடவில்லை. சிதம்பரம் சென்று, 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் கண்டார். 1959இல் மறையும் வரை அப்பணியே அவருக்கு வாழ்வாயிற்று. தாம் பெற்றதைப் பலருக்கும் வழங்குவதே வழிகாட்டுதலின் நிறைவு என்பதற்கு அவரே சான்று.

இனி, இளைஞர்கள் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலாவது, வேண்டுவது இன்னது என்று தெளிந்து செல்லுங்கள். "ஐயா, எனக்கு ஏதாவது வழி சொல்லுங்கள்" என்றால் அவர் என்ன சொல்வார்? "நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கின்றேன். தொகுதி நான்கு தேர்வு எழுத எண்ணுகின்றேன். நாள்தோறும் மூன்று மணி நேரம் கிடைக்கும். கணக்குப் பகுதி எனக்கு வரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் உடனே உதவத் தொடங்குவார். செல்லுமுன் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொள்வது நலம்.

இரண்டாவது, உண்மையை மறைக்காதீர்கள். தவறிய பாடம், கட்டாத கட்டணம், வீட்டில் விளக்கு வசதியின்மை, மாலையில் செய்யும் கூலி வேலை, இவற்றைச் சொல்ல நம் பிள்ளைகள் கூசுகின்றனர். இகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு வந்த கூச்சம் அது, உங்கள் குற்றமன்று. ஆயினும் நோயை மறைத்தால் மருத்துவர் எங்ஙனம் மருந்து தருவார்?

மூன்றாவது, ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடைப்பட்ட நாள்களே உண்மையான கல்வி நாள்கள். சொன்ன பயிற்சியைச் செய்து முடித்துக் குறிப்பேட்டுடன் செல்லுங்கள். மாதிரித் தேர்வு எழுதினால் மதிப்பெண்ணை மட்டும் காட்டாதீர்கள். தவறிய வினாக்களை மூன்றாகப் பிரியுங்கள்: விடை தெரியாதவை, தெரிந்தும் வினாவைச் சரியாகப் படிக்காமல் விட்டவை, நேரம் போதாமல் விட்டவை. முதலாவதற்கு மருந்து பாடம், இரண்டாவதற்கு நிதானம், மூன்றாவதற்கு விரைவுப் பயிற்சி. இந்தக் கணக்கோடு வரும் மாணவனுக்கு அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய உதவியை, வெறுங்கையோடு வருபவனுக்கு அரை நாளிலும் செய்ய இயலாது.

நான்காவது, கேட்டதைச் சரிபாருங்கள். வழிகாட்டியும் மனிதரே, விதிகள் மாறுகின்றன. தொகுதி நான்கு தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறாதவரின் ஏனைய விடைகள் மதிப்பிடப்படா. ஒன்றியக் குடிமைப் பணித் தேர்வில் பட்டியல் இனத்தவர்க்கு வயது வரம்பு 37. அதுவரை எத்தனை முறையும் எழுதலாம். இத்தகைய செய்திகளைப் பிறர் வாய்மொழியோடு விடாது, தேர்வாணையத்தின் அறிவிக்கையை நீங்களே ஒருமுறை படித்து விடுங்கள்.

ஐந்தாவது, போலிகளை அடையாளம் காணுங்கள். பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகின்றேன் என்பவர் வழிகாட்டி அல்லர், தரகர். "உங்களுக்கு இது போதுமே, அவ்வளவு பெரிய படிப்பு எதற்கு?" என்று அன்பாகப் பேசுபவர் இன்னொரு வகை. குறையைச் சுட்டி உங்களை உயர்த்துபவர் யார், குறையைச் சொல்லியே உங்களைத் தாழ்த்துபவர் யார் என்பதைச் சில சந்திப்புகளில் அறிந்து கொள்ளலாம். கண்டிப்புக்கு அஞ்ச வேண்டா. இழிவுரையைப் பொறுக்க வேண்டா. மாணவியர் நூலகம், பள்ளி, சங்கக் கட்டடம் போன்ற பலரும் வந்து போகும் இடத்திலேயே வழிகாட்டியைச் சந்திப்பதை விதியாகக் கொள்ளுங்கள். நல்லவர் யாரும் இதற்கு வருந்த மாட்டார்.

செஞ்சியில் இராஜகிரி ஏறியவர்கள் அறிவார்கள். உச்சிக்கு முன் ஆழ்ந்த பிளவு ஒன்று குறுக்கிடும். அதைக் கடக்க ஒரு பாலம் உண்டு. பாலம் இருக்குமிடத்தைப் பிறர் காட்டலாம். ஏறுகின்ற கால்கள் நம்முடையவை.

இறுதியாக, இங்கே அமர்ந்திருக்கும் பணியிலுள்ள அன்பர்களுக்கு ஒரு சொல். நம்மில் பலர் ஆசிரியராகவும் எழுத்தராகவும் செவிலியராகவும் காவலராகவும் இருக்கின்றோம். வேலை கிடைத்தபின் விழுப்புரத்திலும் புதுவையிலும் சென்னையிலும் குடியேறி, பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வந்து போகின்றோம். நாம் தட்டுத்தடுமாறிக் கண்ட வழியை அடுத்த பிள்ளையும் தட்டுத்தடுமாறியே காண வேண்டுமா? சங்கத்திற்கு நன்கொடை அளிப்பது நன்று. அதனினும் நன்று, ஒருவர் ஒரு பிள்ளையை ஏற்றுக் கொள்வது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் சந்தியுங்கள். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். விண்ணப்ப நாள்களை நினைவூட்டுங்கள். இதற்குப் பொருட்செலவு மிகுதி இல்லை.

இதற்கென ஒரு பதிவேட்டைச் சங்கம் இன்றே திறக்க வேண்டும் என்று வேண்டுகின்றேன். ஒரு பக்கம் வழிகாட்ட முன்வருவோர் பெயர். மறுபக்கம் வழி வேண்டும் மாணவர் பெயர். முதற்பெயராக என் பெயரை எழுதிக் கொள்ளுங்கள். அடுத்த பெயர்கள் இக்கூட்டம் கலையுமுன் சேர வேண்டும்.