இருமல் மிட்டாயும் இரண்டு வாரக் கணக்கும்
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தொண்டை கரகரத்தால் நாம் முதலில் நாடுவது தெருமுனைக் கடையைத்தான். விக்ஸ், ஹால்ஸ் என ஏதேனும் ஒரு மிட்டாயை வாயிலிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம். நம் முன்னோர் சித்தரத்தையையோ அதிமதுரத்தையோ வாயில் அடக்கிக்கொண்டனர். இதில் தவறேதும் இல்லை. எனினும், இம்மிட்டாய் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

மிட்டாயைச் சப்பும்போது உமிழ்நீர் பெருகி வறண்ட தொண்டையை நனைக்கிறது. அதிலுள்ள மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் எரிச்சல் சற்று நேரம் அடங்குகிறது. ஸ்ட்ரெப்சில்ஸ் போன்றவற்றில் கிருமிநாசினியும் சிறிதளவு உண்டு. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானே தணிந்துவிடும். அதுவரை ஆறுதல் அளிப்பதே மிட்டாயின் பணி. நோயைக் குணப்படுத்துவது அன்று.

ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு இதனைக் கொடுத்தல் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். வாயில் வைத்தபடி உறங்குவதும் ஆபத்தே. சர்க்கரை நோயாளிகள் மிட்டாயிலுள்ள சர்க்கரையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் உயரக்கூடும்.

இவை அனைத்தினும் முக்கியமானது நாட்கணக்கு. இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அரசு மருத்துவத்துறையின் அறிவுரை. மிட்டாய் இருமலின் தொல்லையைக் குறைக்கும். நுரையீரலில் உள்ள கிருமியைத் தொடாது. நம் ஆரணியில் பட்டுத்தறி பல வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் நெய்ய, அருகிலேயே தார் சுற்றுவதும் குழந்தைகள் உறங்குவதும் நடைபெறும். அங்கே ஒருவருடைய இருமல் அவரோடு நிற்பதில்லை.

இதற்குச் சென்னையே ஒரு பாடம் தந்துள்ளது. 1956-ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பட்ட ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளில் ஒரு பிரிவினரை வீட்டிலும் மற்றொரு பிரிவினரைச் சானடோரியத்திலும் வைத்து மருந்தளித்தது. 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. முறையாக மருந்துண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம். அதனால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்பதே அது. அஞ்ச வேண்டியது நோயாளியை அன்று, மருந்தின்றிக் கழியும் நாட்களையே என்பது இதனால் விளங்கும்.

அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதங்கள். 2024 நவம்பர் முதல் ஊட்டச்சத்துக்கென மாதம் 1000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கிற்கு வழங்கப்படுகிறது.

வீட்டில் மணமாகாத பெண் இருக்கிறாளே, வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே என்று இருமலை மறைப்போர் நம்மிடையே உண்டு. அக்குடும்பத்தைக் குறித்துப் புறம் பேசாதிருப்பதும், துணைக்கு ஒருவர் மருத்துவமனை வரை செல்வதும் ஜமாஅத்தாராகிய நம் கடமை.

ஆகவே, இருமல் தொடங்கிய நாளைத் தினக்காட்டியில் குறித்து வைப்போம். பதினைந்தாம் நாளும் தொடர்ந்தால் பரிசோதனைக்குச் செல்வோம். சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், உணவை விழுங்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்வோம்.