பேனாக் குற்றமும் பெரிய வக்கீலும்
(பெரம்பலூரிலும் அரியலூரிலும் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் ராம் ஜெத்மலானி என்கின்ற வக்கீலின் தொழில் வாழ்க்கையாகும். சிந்து தேசத்தில் பிறந்து பம்பாயிலும் டில்லியிலும் வாதாடியவரைப் பற்றி, வெங்காயம் விளைகின்ற பெரம்பலூரிலும், சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகின்ற அரியலூரிலும் எதற்காகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கின்றது.

இந்தப் பெரம்பலூரில் வக்கீலாயிருந்து, இந்தத் தொகுதியிலிருந்தே முதலில் பார்லிமெண்டுக்குப் போய், பிறகு மந்திரியான தோழர் ஆ. இராசா 2011 பிப்ரவரியில் 2ஜி வழக்கில் கைதானார். கணக்குத் தணிக்கை அதிகாரி நஷ்டம் 1,76,000 கோடி வரை என்று மதிப்பிட்டார். வழக்குப் போட்ட சி.பி.ஐ. 30,984 கோடி என்றது. கோர்ட்டு விசாரிக்கு முன்பே ஊரார் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லி முடித்து விட்டார்கள். 2017 டிசம்பர் 21-இல் தனிக் கோர்ட்டு, குற்றம் ருஜுவாகவில்லை என்று எல்லோரையும் விடுதலை செய்தது. அதன் மேல் வந்த அப்பீலை 2024 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டு விசாரணைக்கு ஏற்றுக் கொண்டது. அதே வழக்கில் தோழர் கனிமொழிக்காக 2011 மே மாதம் ஜாமீன் கேட்டு வாதாடியவர்தான் ஜெத்மலானி. அப்போது அவர் எதிர்க்கட்சியான பா.ஜ.க.வின் ராஜ்யசபை மெம்பர்! ஜாமீன் அன்று கிடைக்கவில்லை, நவம்பரில்தான் கிடைத்தது.

இவர் 1923-இல் பிறந்து, 17 வயதிலேயே சட்டப் பரீட்சை தேறி, வயது விதிக்கு விலக்குப் பெற்று 18 வயதில் தொழிலில் இறங்கினார். தேசப் பிரிவினையின் பின் அகதியாய்ப் பம்பாய் வந்தார். 1992-இல் வெளியான பங்கு மார்க்கெட் மோசடியில் ஹர்ஷத் மேத்தாவுக்கும் இவரே வக்கீல். 2019 செப்டம்பரில் இறந்தார்.

தோழர்களே! கத்தியால் செய்கின்ற குற்றம் ஒன்று. பேனாவால் செய்கின்ற குற்றம் மற்றொன்று. பின்னதில் ரத்தம் தெரியாது. கணக்குப் புத்தகந்தான் தெரியும். இப்படிப்பட்டவர்களுக்கு வாதாடுகின்றவன் திருடனுக்குத் துணை போகின்றவனல்லவா என்று நம்மில் பலர் கேட்கின்றோம். நாம் திருப்பிக் கேட்கின்றோம்: அவன் திருடன் என்று யார் முடிவு செய்தது? விசாரிப்பதற்கு முன்பே முடிவு செய்து விட்டால் கோர்ட்டு எதற்கு? ருஜு இல்லாமல் எதையும் நம்பாதே என்பது பகுத்தறிவு. அந்த ருஜுவைக் கொண்டுவா என்று சர்க்காரைக் கேட்பதுதான் எதிரிதரப்பு வக்கீலின் வேலை. இன்று பணக்காரனுக்காகக் கேட்கப்படுகின்ற அந்தக் கேள்விதான், நாளை நம் மேல் பொய்க்கேசு வந்தால் நம்மையும் காப்பாற்றும்.

ஆனால் அவர் செய்ததெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. 1993-இல் மேத்தா, பிரதமருக்கு ஒரு கோடி கொடுத்ததாகப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னபோது இவரும் பக்கத்திலிருந்தார். அது கடைசிவரை ருஜுவாகவில்லை. கோர்ட்டிலே ருஜு கேட்கின்றவர் வெளியிலும் கேட்க வேண்டாமா?

மற்றொன்றையும் மறக்கக் கூடாது. பேரறிவாளன் முதலிய மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 தூக்குக்கு நாள் குறித்திருந்தது. ஆகஸ்ட் 30-இல் சென்னை ஹைகோர்ட்டில் இவர் வந்து வாதாடினார். எட்டு வாரத் தடை கிடைத்தது. 2014-இல் தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே மாதம் பேரறிவாளன் விடுதலையானார். அந்த எட்டு வாரம் இல்லாதிருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே குறை எங்கே இருக்கின்றது? பெரிய மனிதனுக்கு நல்ல வக்கீல் கிடைப்பதில் அல்ல. ஏழைக்குக் கிடைக்காததில் இருக்கின்றது. 2017-இல் வெளிவந்த கணக்குப்படி, ஒரு அவதூறு வழக்கில் இவர் ஒரு தடவை ஆஜராவதற்குப் பீஸ் 22 லட்ச ரூபாய். (கட்சிக்காரரால் முடியாவிட்டால் இனாமாகவே நடத்துவேன் என்றும் அவர் சொன்னதுண்டு.) 2022-ஆம் வருஷக் கடைசியில் இந்த நாட்டு ஜெயில்களில் இருந்த சுமார் 5,73,000 பேரில் 4,34,000 பேர் தீர்ப்பே ஆகாத விசாரணைக் கைதிகள்! இவர்களில் 22 லட்சத்தைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் இருக்க முடியும்? 'எல்லாம் தலையெழுத்து' என்று உட்கார்ந்திருக்கின்றார்கள். தலையெழுத்தும் அல்ல, மண்ணும் அல்ல. வக்கீல் இல்லாத குறை!

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கின்றது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர் வருமானக் கணக்குக் காட்டாமலே இனாமாக வக்கீல் கேட்கலாம். பிச்சையாக அல்ல, உரிமையாக! உங்கள் தெருவில் ஒருவனைப் பிடித்துக் கொண்டு போனால், ஆட்டை விற்றுத் தரகனிடம் கொடுக்காதீர்கள். ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரே போய் மனுக் கொடுங்கள். இங்கே வந்திருக்கின்ற வாலிப வக்கீல்களையும் கேட்டுக் கொள்கின்றோம்: ஜெத்மலானியின் பீஸைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், தூக்குக்கு நாள் குறித்த பிறகும் விடாமல் வாதாடினாரே, அதைக் கற்றுக் கொள்ளுங்கள். மந்திரிக்கு வேண்டியிருக்கின்ற வக்கீல், மாடு மேய்க்கின்றவனுக்கும் வேண்டும். அது கிடைக்கின்ற வரையில் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய்தான்.