குளிரும் வசந்தமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். நாம் பிழைப்பை நாடிக் குடியேறியுள்ள இத்தில்லி மாநகரிலோ வசந்த பஞ்சமி தை, மாசியிலேயே வந்துவிடுகிறது; சித்திரை பிறக்குமுன் வசந்தம் விடைபெற்றுக் கொள்கிறது. அந்த வசந்தத்தின் காலம் இந்நாளில் பிறழ்ந்து வருவதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

தென்னாட்டிலிருந்து வந்த நமக்குக் குளிரென்றால் அச்சம். இவ்வாண்டு குளிர் குறைவு என்று கேட்டால் மனம் மகிழ்கிறது. மரங்களுக்கோ அது நற்செய்தியன்று. ஆப்பிள் மரத்தின் பூ அரும்புகள் முந்தைய கோடையிலேயே உருவாகிக் குளிர்காலத்தில் உறங்குகின்றன. அவ்வுறக்கம் கலைய வெயில் மட்டும் போதாது. முதலில் போதிய குளிரைப் பெற்றாக வேண்டும். இமாசலப் பிரதேசத்தில் நெடுங்காலமாகப் பயிராகும் ஆப்பிள் வகைகளுக்கு, 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் ஏறத்தாழ 1000 மணி நேரமேனும் தேவை.

இக்கணக்கு நிறைந்தபின் வெப்பம் முன்னதாகவே மிகுந்தால், பூ முந்தி மலர்ந்து, பின்வரும் உறைபனியில் கருகுகிறது. கணக்கு நிறையாவிடில் பூ பிந்துகிறது. ஒரு கிளை மலர, மறு கிளை உறங்குகிறது. ஆப்பிளின் பல வகைகள் வேறொரு வகையின் மகரந்தமின்றிக் காய்ப்பதில்லை. இருவகையும் ஒரே வேளையில் மலர வேண்டும். தேனீயும் அவ்வேளையில் வர வேண்டும். இருப்புப்பாதையில் பணிபுரியும் எம்போன்றோர்க்கு இது நன்கு விளங்கும். இணைப்பு வண்டி முந்திப் புறப்பட்டுவிட்டால், காலந்தவறாது வந்த பயணியும் மேடையில் நிற்க வேண்டியதே! குலூப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் உழவர் பலர் ஆப்பிளை விட்டு மாதுளைக்கு மாறியுள்ளனர். ஆப்பிளோ குளிரைத் தேடி லாகௌல் வரை மலையேறிவிட்டது. உத்தராகண்டின் மாநில மரமான புரான்ஷ், பங்குனியை ஒட்டிச் செம்மலர் பூக்கும் இயல்புடையது. அண்மை ஆண்டுகள் சிலவற்றில் தை மாதத்திலேயே பூத்துள்ளது.

இது மலைநாட்டார் கவலை என்று நாம் இருந்துவிடலாகாது. 2022 மார்ச்சு மாதத்தின் பகல் வெப்பம், 1901 முதல் உள்ள பதிவுகளில் அதுவரை காணாத அளவுக்கு உயர்ந்தது. பால் பிடிக்கும் பருவத்தில் வெப்பம் தாக்கியதால் பஞ்சாப், அரியானா வயல்களில் கோதுமை மணி சுருங்கிற்று. அவ்வாண்டு மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. நம் வீட்டுச் சப்பாத்திக்கும் வசந்தத்திற்கும் உள்ள உறவு இதுவே.

நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து பெருகும் கரியமில வாயுவே இம்மாறுதலின் முதற்காரணம். அதனைத் தடுப்பது உலகோர் அனைவரும் கூடிச் செய்ய வேண்டிய பணி. எனினும் நம் சங்கத்தால் ஆவதும் ஒன்றுண்டு. சப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில் செர்ரி மலரும் நாளைப் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டு முதல் கிடைக்கின்றன. 2021இல் மார்ச்சு 26 அன்று அம்மலர்கள் முழுதும் மலர்ந்தன. அதுவரையிலான 1200 ஆண்டுகளில் அவ்வளவு முன்னதாக மலர்ந்ததில்லை என்று அறிய முடிந்தது, முன்னோர் எழுதி வைத்தமையால் அன்றோ?

எழுத்தர் நிறைந்த நம் காலனிக்கு ஒரு பதிவேடு அரிதாகுமா? பூங்காவிலுள்ள இலவமரத்தில் முதற்பூ மலரும் நாளை ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் குறித்து வரட்டும். இம்மண்ணின் சோற்றை உண்ணும் நாம் இம்மண்ணின் பருவத்தையும் அறிந்திருத்தல் கடமை. பிள்ளைகளுக்கு முதல் ஏட்டை வாங்கித் தருமாறு சங்கச் செயலாளரை வேண்டி அமர்கிறோம்.