கிளிப்பா, கம்பிச் சுருளா?

 

நலமாயிருந்த ஒருவர்க்கு, இடி விழுந்தாற்போல் திடீரெனக் கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, சில வேளை மயக்கம். மூளையின் குருதிக்குழாய் கிளைபிரியும் இடத்தில் சுவர் நலிந்து மொட்டுப்போல் புடைத்திருப்பதை மருத்துவர் ‘அனியூரிசம்’ என்பர். அது வெடித்ததன் அறிகுறிகளாக இவை இருக்கலாம். ஒருமுறை வெடித்தது மீண்டும் வெடிக்கக்கூடும். முதல் நாளிலேதான் அவ்வச்சம் மிகுதி. ஆதலின், விடிந்தபின் பார்ப்போம் என்றிருத்தல் உயிருக்கே கேடாகும்.

மருத்துவமனையை அடைந்ததும் குடும்பத்தார்முன் ஒப்புதல் தாள் நீட்டப்படும். வழிகள் இரண்டு. முதலாவது, மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் உலோகக் கிளிப் பொருத்துதல். 1937இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி இதனைத் தொடங்கிவைத்தார். இரண்டாவது, தொடையிலுள்ள குருதிக்குழாய் வழியே நுண்குழாய் செலுத்திப் புடைப்பினுள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்புதல். இத்தாலியரான கைடோ குலியெல்மி உருவாக்கிய இச்சுருள், 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இரண்டில் எது சிறந்தது? பெரும்பாலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 2143 நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘ஐசாட்’ ஆய்வு 2002இல் விடை தந்தது. எவர்க்கு எம்முறை என்பது குலுக்கல்போல் முடிவு செய்யப்பட்டது. ஓராண்டு கழிந்தபின் பார்க்கையில், இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் சுருள் பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேர். கிளிப் பெற்றவருள் ஏறத்தாழ 31 பேர்.

இதனால் சுருளே எவர்க்கும் ஏற்றது என முடிவு கட்டலாகாது. இரு முறையும் பொருந்தும் என மருத்துவர் கருதியவர்களே அவ்வாய்வில் இடம்பெற்றனர். பரிசீலிக்கப்பட்டோருள் அவர்கள் கால்பங்கிற்கும் குறைவே. கழுத்து அகன்ற புடைப்பிற்கும், குருதிக்கட்டி மூளையை அழுத்தும் நிலைக்கும் திறந்த அறுவையே ஏற்றதாகலாம். மேலும், சுருள் வைத்த புடைப்பு சிலர்க்கு மீண்டும் திறந்துகொள்வதுண்டு. எனவே பின்னாளிலும் படமெடுத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே அத்தாளின்முன் நிற்போர் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று: புடைப்பு எங்குள்ளது, எவ்வடிவினது? இரு முறையிலும் வல்லவர்கள் கலந்து பேசினரா? இரண்டும் இங்கு இயலுமா, வேறிடம் செல்ல வேண்டுமா? இவற்றைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதன்று.

புடைப்பு அடைபட்டதும் இடர் தீர்ந்துவிடாது. அடுத்த இரு வாரங்களில் மூளைக் குழாய்கள் சுருங்கிக் குருதியோட்டம் குன்றக்கூடும். அதன் கேட்டைக் குறைக்கவே ‘நிமோடிபின்’ மருந்து வழக்கமாக 21 நாள் தரப்படுகிறது. இல்லம் திரும்பியோர்க்கும் அயர்ச்சியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். அது சோம்பலன்று, காயமுற்ற மூளையின் களைப்பு. விரைந்து கொண்டுசேர்த்தலும், வினவித் தெளிதலும், பின்னர்ப் பொறுமையோடு பேணுதலுமே சுற்றத்தார் கடன்.