மண்வெட்டியை நிறுத்துங்கள்



நம் ஒரகடம் வட்டாரத்தில் மண் வெட்டாத நாளில்லை. தொழிற்சாலைக்குக் கடைகால், ஏரிக்குத் தூர்வாரல் என்று வேலை ஓய்வதேயில்லை. அம்மண்ணோடு நம் முன்னோரின் பொருள்களும் லாரியேறிப் போய்விடலாகாதே என்பதுதான் நமது கவலை.

2022-இல் அருகிலுள்ள வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கற்காலக் கருவிகளும் ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் வெளிப்பட்டன. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரியும் சரளை வெட்டிய குழியில் கிடைத்ததே. அவர் சேகரித்தவை இன்று சென்னை அருங்காட்சியகத்தை அணி செய்கின்றன.

பழம்பொருள் அகப்பட்டால் நிலம் பறிபோகும் என்றஞ்சி மறைப்போர் உளர். பானையை உடைத்துப் பார்த்துப் பொன் இல்லையென்று வரப்பில் எறிவோரும் உளர்! 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் பேசுவது பொருளைப் பற்றியே, நிலத்தைப் பற்றியன்று. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சர்க்கார் அதை எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும். மறைத்தவருக்கோ பங்கும் போகும், தண்டனையும் உண்டு.

பானையோ கல்லோ தென்பட்டால் மண்வெட்டியை நிறுத்தி, கிடந்தபடியே விட்டு, கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லுங்கள். கிடைத்த இடம் தெரியாத பொருள் அருங்காட்சியகத்தில் இருந்தும் பாதி ஊமையே. அடுத்த கிராம சபையில் இதனை முதற்பொருளாக வைப்போம்.