சீசன் கடையும் வீட்டுக் கூலியும்



குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் போதும், அருவிக்கரையில் கடைகள் முளைத்துவிடும். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், எண்ணெய் மசாஜ் என்று கூப்பாடு காதைத் துளைக்கும். ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே சீசன். அந்த மூன்று மாதத்தை நம்பித்தான் இத்தனை பேர் முதல் போடுகிறார்கள்.

இவர்களைத் துணிச்சல்காரர்கள் என்கிறோம். அது பாதிதான் சரி. மீதிப் பாதி, வளர்ந்த வீட்டில் இருக்கிறது. சிறுவயதிலேயே அப்பாவோடு கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணியவன், ஒருநாள் வியாபாரம் படுத்தால் கலங்கமாட்டான். மாதச் சம்பள வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த ஒருநாளே தூக்கம் போய்விடும்.

நாம் அதிகம் பேசாத இன்னொரு பலமும் உண்டு: பீடி. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் எத்தனையோ வீடுகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். அந்தக் கூலியில் அடுப்பு எரிகிற தைரியத்தில்தான் ஆண்பிள்ளை கடையில் பணத்தைப் போடுகிறான். கடைப் பலகையில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது, அது வேறு கதை.

2020இல் கொரோனாவுக்காக அருவிகளை மூடினார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை விழுந்தது. அருவியில் ஆளில்லை என்றால் கடையிலும் ஆளில்லை. அப்படிப்பட்ட நாளில் சோறு போடுவது அந்தப் பீடிக்கூலிதான்.

இப்போது சில வீடுகளுக்கு இன்னொரு வருமானமும் வந்திருக்கிறது. பக்கத்திலேயே மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்து, அமெரிக்காவில் வேலை பார்த்து, 1996இல் உடன்பிறந்தவர்களோடும் நண்பர்களோடும் தொழில் தொடங்கியவர். தென்காசியில் அலுவலகம் திறந்தது 2011இல்தான். கம்பெனி காலூன்றிய பிறகே கிராமத்துக்கு வந்தது. ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் இங்கே உருவானது நமக்குப் பெருமைதான். ஆனால் அங்கே நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சம்பளம். வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் முதலாளி ஆகிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. அந்தச் சம்பளத்தின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது: பீடிக்கூலி இத்தனை காலம் தாங்கிய பாரத்தை இனி அது தாங்கலாம்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அக்கா கம்பெனிச் சம்பளம் வாங்கும் வீட்டில் தம்பியோ தங்கையோ கடை வைக்கிறேன் என்று வந்து நின்றால், உடனே மறுக்காதீர்கள். ஒரு சீசன் நடத்திப் பார்க்க விடுங்கள்.